உள்ளூர் கோர்ட் இழுத்தடித்தால் வெளியே முறையிட முடியுமா?

"போலீஸ்லயும் கேக்கல, கோர்ட்லயும் வருஷக்கணக்கா இழுக்குது. இதுக்கு மேல யாருகிட்ட போறது?" நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பிரேசில் நாட்டில் மரியா டா பென்யா என்ற பெண்மணி இதே கேள்வியோடு நாட்டுக்கு வெளியே போய் முறையிட்டார். அந்தக் கதையை இந்த மாதம் படிப்போம்.

மரியா மருந்தியல் படித்தவர், மூன்று பெண் குழந்தைகளுக்குத் தாய். 1983ல் தூங்கிக்கொண்டிருந்த அவரைக் கணவரே முதுகில் சுட்டார். திருடர்கள் வந்து சுட்டதாகப் போலீசில் கதை சொன்னார். உயிர் பிழைத்த மரியா நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார். அப்போதும் விடவில்லை, குளிக்கும் இடத்தில் கரண்ட் வைத்துக் கொல்லப் பார்த்தார். (படிப்பு இல்லாததாலதான் அடி வாங்குறோம் என்று சொல்லும் சகோதரிகள் இதைக் கவனிக்கவும்.)

1991ல் கணவருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். 1996ல் மறுபடி தண்டனை, மறுபடியும் ஜெயிலுக்குப் போகவில்லை.

1998ல் இரண்டு அமைப்புகளின் துணையோடு மரியா, வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளணும். புகார் கணவர் மேல் இல்லை, பிரேசில் அரசின் மேல். தவணை கட்டாத உறுப்பினரைக் குழுதான் கேட்கும். குழுவே கண்டும் காணாமல் இருந்தால் கூட்டமைப்பு குழுவைத்தான் கேள்வி கேட்கும் இல்லையா? அதுபோலத்தான். ஆணையமோ சர்வதேச மனித உரிமை நீதிமன்றமோ குற்றவாளியை ஜெயிலில் போடாது. "உன் கடமையை ஏன் செய்யவில்லை?" என்று நாட்டைக் கேட்கும். அதுவும் அந்த நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால்தான். பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஒப்பந்தத்தை பிரேசில் 1995ல் ஏற்றிருந்தது.

உள்ளூர் கோர்ட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அங்கே போகணும் என்பது விதி. நியாயமில்லாத தாமதம் ஆனால் அதற்கு விலக்கு உண்டு. 15 வருஷம் ஆகியும் வழக்கு முடியாததால் மரியாவின் புகாரை எடுத்துக்கொண்டார்கள். பிரேசில் அரசு பதில்கூட அனுப்பவில்லை! 2001ல் ஆணையம், அரசு கடமை தவறியது என்று அறிக்கை கொடுத்தது. வழக்கைச் சீக்கிரம் முடி, இழப்பீடு கொடு, நடைமுறையை மாற்று என்றது. 2002ல் கணவர் ஜெயிலுக்குப் போனார். 2006 ஆகஸ்டில் குடும்ப வன்முறைக்கு எதிராக வந்த சட்டத்தை மரியாவின் பெயராலேயே அங்கே அழைக்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு நீதிமன்றம் உண்டு. மாமியாரைக் கொன்ற மருமகன் வழக்கில், பலமுறை புகார் கொடுத்தும் காப்பாற்றவில்லை என்று 2009ல் துருக்கி அரசைக் குற்றவாளி ஆக்கியது.

நாம அங்க போகலாமா? முடியாது. ஆசியாவுக்கு இப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. நமக்கு இருப்பது நம் நாட்டுச் சட்டம்தான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அதே 2006ல், அக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அலுவலரிடமோ நேராக மாஜிஸ்திரேட்டிடமோ மனு கொடுக்கலாம். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயற்சி செய்யணும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தேதியைக் குறித்து வைத்து, நாள் தாண்டினால் வக்கீலிடம் அதைக் கேளுங்கள். அவசர உதவிக்கு 181.