முதலில் கரண்ட், அப்புறம் பாட்டு



தம்பி, கார் செட் போடும் தொழிலில் இறங்கியிருக்கிறாய். எந்த ஸ்பீக்கர் நல்லது, எந்தப் பெட்டியில் பேஸ் நன்றாக அடிக்கும் என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் உண்டு. கரண்டைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு. பானெட்டுக்குள் மறைந்து கிடக்கும் ஒயருக்குக் காசு கொடுக்க வாடிக்கையாளர் யோசிப்பார். கடைக்காரரும் பேச்சை எடுக்க மாட்டார். பேஸ் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது, ஆம்ப் சூடாகி நின்றுவிடுகிறது, காலையில் செல்ப் எடுக்கவில்லை என்று புகார் வரும்போதுதான் எல்லோரும் பானெட்டைத் திறப்பார்கள்.

ஆம்ப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 3,000 வாட்டை முதலில் மறந்துவிடு. அதன் முதுகில் செருகியிருக்கும் பியூஸைப் பார். 30 ஆம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால், 60-ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கு: 828 வாட். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான் என்றால் வெளியே 3,000 எங்கிருந்து வரும்? ஆர்எம்எஸ் கணக்கை மட்டும் நம்பு. உண்மையாகவே 1,000 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப், முழுச் சத்தத்தில் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். பழைய கிளாஸ் ஏபி என்றால் 130-ஐத் தொடும். பாட்டு ஒரே சீராக ஓடாது, சராசரி இதைவிட மிகக் குறைவு என்பது சரிதான். ஆனால் குத்துப்பாட்டில் பேஸ் விடாமல் அடிக்கும்போது அந்தச் சராசரி துணைக்கு வராது.

இனி வரவைப் பார். சின்ன கார்களில் வருவது பெரும்பாலும் 70, 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். அதுவும் என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள். அதிலிருந்து ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், பெட்ரோல் பம்ப் எல்லாம் எடுத்தது போக மிச்சம்தான் உனக்கு. ஆல்டர்னேட்டர் மாதச் சம்பளம், பேட்டரி சேமிப்பு. இரண்டாவது பேட்டரி வைப்பது இன்னொரு பாஸ்புக் வாங்குவது மாதிரி. அதனால் சம்பளம் உயராது. வண்டியை நிறுத்திவைத்துப் பாட்டுக் கேட்பவருக்கு அது உதவும், அவ்வளவுதான்.

கெப்பாசிட்டர் கதையும் இதேதான். நீல விளக்கு எரியும் 1 ஃபேரட் உருளையைக் காட்டி, ஹெட்லைட் மங்குவது நின்றுவிடும் என்பார்கள். 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தருவது 26 ஜூல். 1,000 வாட்டில் ஓடும் ஆம்ப் அதைக் கண் இமைப்பதற்குள், ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கில், தின்று தீர்த்துவிடும். அந்தக் காசுக்கு என்ஜினிலிருந்து பாடிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கும் போகும் மூன்று ஒயரையும் தடிமனாக மாற்று.

ஒயர் விஷயத்தில் ஏமாறுவது சுலபம். சந்தையில் நிறைய ஒயர், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. நுனியைக் கத்தியால் சுரண்டு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அதே தடிமனில் அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சுத்தமான செம்பு 4 கேஜ் ஒயர் 5 மீட்டர் ஓடினால் 90 ஆம்பியரில் 0.4 வோல்ட் போகும். 8 கேஜில் 0.9 போகும். எர்த்தையும் அதே தடிமனில் போடு. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கு. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதே.

ஒயரில் நீ போடும் பியூஸ் ஆம்பைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும். டிக்கியில் வைத்தால், வழியில் ஒயர் உரசி பாடியில் பட்டதும் வண்டி எரியும். தகடு வழியாக ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் கிராமெட் இல்லாமல் விடாதே.

புது வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவில் ஒரு சென்சார் இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத்தான் சார்ஜ் ஏற்றும். உன் எர்த்தை நேராக நெகட்டிவ் முனையில் மாட்டினால் அந்தக் கரண்ட் அதன் கணக்கிலேயே வராது, பாடியில் கொடு. எலெக்ட்ரிக் கார் வந்தால், அதில் ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் 12 வோல்ட் தருகிறது. அதன் அளவைத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்காதே. அந்தப் பெரிய பேட்டரியின் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே போகாதே.

வேலை முடிந்ததும் ஐடிலில் நிறுத்தி, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு, வாடிக்கையாளர் கேட்கும் சத்தத்தில் பாட்டை ஓட்டு. ஆம்பின் டெர்மினலில் மீட்டரை வை. பிறகு பேட்டரியில் வை. இரண்டிலும் விழுந்தால் ஆல்டர்னேட்டருக்குத் தாங்கவில்லை. பேட்டரியில் நின்று ஆம்பில் மட்டும் விழுந்தால் உன் ஒயரோ எர்த்தோ சரியில்லை. 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சாவியைக் கொடு. 12-க்குக் கீழே போனால் கெயினைக் குறை, இல்லை சின்ன ஆம்பாக மாற்று. வண்டியை அப்படியே வெளியே விடாதே.

அடுத்த தடவை பில் எழுதும்போது ஒயருக்கும் பியூஸுக்கும் முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஆம்ப் தேடு. வாடிக்கையாளர் முகம் சுளித்தால் மீட்டரை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்.