குழந்தையை ஒப்படைப்பதா, வளர்ப்பதா? தாய்க்குச் சட்டம் தரும் 60 நாட்கள்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். 20 வயதுப் பெண், திருமணம் ஆகவில்லை, இது ஏழாவது மாதம். வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் பழகியவர் இப்போது போனை எடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள்: "யாருக்கும் தெரியாம பெத்து, கேக்கறவங்ககிட்ட குடுத்துடலாம். ஆஸ்பத்திரி செலவையும் அவங்களே பாத்துக்குவாங்களாம்."

அந்தப் பெண்ணிடம் "உனக்கு என்ன தோணுது?" என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. இந்தப் பாடம் அவளுக்காகவும், அவள் பக்கத்தில் நிற்கும் அம்மா, அக்கா, நர்சம்மாவுக்காகவும்.

தொட்டிலில் இருந்து குழுவுக்கு

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தை திட்டம் தொடங்கியது. 2011-இல் இது விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்தோடுதான் இருந்தது. 2019 நவம்பர் 26-இல்தான் தனி மாவட்டம் ஆனது.

தொட்டில் பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் யாரும் பார்க்காமல் குழந்தையை வைத்துவிட்டுப் போகிற தாயோடு உட்கார்ந்து பேச வழியில்லை. அந்த வழியைத் தருவது இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. உடல், மனம், சமூகச் சூழல் காரணமாகத் தன்னால் வளர்க்க முடியாது என்று நினைக்கும் பெற்றோர், குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைக்கலாம். இப்படி ஒப்படைப்பது குற்றம் இல்லை. இதற்கான விசாரணையில் பெற்ற தாய் மீது எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

என்ன நடக்கும்?

முதலில் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, நர்சிடமோ டாக்டரிடமோ விஷயத்தைச் சொன்னால் போதும். 1098-க்கும் போன் பண்ணலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தாயைக் குழுவிடம் அழைத்துப் போகும்.

குழு விசாரிக்கும், ஆலோசனை தரும். அதற்குப் பிறகும் தாய் முடிவில் உறுதியாக இருந்தால், குழு முன்னிலையில் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடுவார். திருமணமாகாத தாய் என்றால் அவர் கையெழுத்து மட்டும் போதும். தம்பதி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். தாயின் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும். பச்சிளம் குழந்தை, சிறப்பு தத்துவள மையத்தின் பராமரிப்புக்குப் போகும்.

கையெழுத்துப் போட்ட அன்றே எல்லாம் முடிந்துவிடாது. அன்றிலிருந்து 60 நாட்கள் யோசிக்க நேரம் உண்டு. "என் பிள்ளை எனக்கு வேணும்" என்று அதற்குள் தாய் வந்தால், குழு விசாரித்து, குழந்தையைத் திரும்பத் தரலாம். 60 நாள் கழிந்தால் குழந்தையைத் தத்துக்கு உரியது என்று குழு அறிவிக்கும். அதன் பிறகு திரும்பக் கேட்க முடியாது. இந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வளர்க்க ஆசை, வழிதான் இல்லை என்றால்?

வறுமை ஒன்றுதான் காரணம் என்றால் அதைக் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. "அப்பா பேரு இல்லாம பர்த் சர்டிபிகேட் எப்படி வாங்கறது?" என்ற பயமும் வேண்டாம். திருமணமாகாத தாயிடம் தந்தை பெயரைக் கட்டாயப்படுத்தாமல் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது.

இடைத்தரகர் வந்தால்

2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கு வெடித்தது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கைதானார். கொல்லிமலைக் குழந்தைகள் பற்றிய பேச்சும் விசாரணையில் அடிபட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. நம் மலைக்குத் தூரமில்லாத இடம் அது.

குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியர் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா போதும்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956 பொதுவாகப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதனால் நம் மலையாளி மக்களுக்குப் பாதுகாப்பான வழி குழந்தைகள் நலக் குழுதான்.

தரகர் வழியில் போன குழந்தை எங்கே இருக்கிறது என்று தாய்க்குத் தெரியாது. யோசிக்க 60 நாளும் கிடைக்காது.

உடன் இருப்பவர்களுக்கு

பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்க்காதீர்கள்; இரண்டு உயிரும் ஆபத்தில் சிக்கும். கர்ப்பம் தொடக்கத்திலேயே தெரிந்தால், சட்டம் அனுமதிக்கும் மற்ற வழிகளையும் அரசு டாக்டரிடம் கேளுங்கள். நாள் போகப் போக வழிகள் குறையும்.

முடிவை அவள் மேல் திணிக்காதீர்கள். "குடுத்துடு" என்பதும் "நீயே வெச்சுக்கோ" என்பதும் அவள் வாயிலிருந்து வரட்டும். குழு முன்னால் நிற்கும்போது அவள் பதில்தான் கேட்கப்படும். அதற்கு முன் வீட்டில் ஒருவராவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.

உதவிக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, மருத்துவ ஆலோசனை 104, ஆம்புலன்ஸ் 108.