போட்டோ போட்ட விசிட்டிங் கார்டு: அச்சுக்குக் கொடுக்கும் முன்



பொருட்காட்சியில் கடை போட்டால் வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி, "மறுபடி வேணும்னா எப்படிம்மா கூப்பிடுறது?" துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுக்கிறோம். அது அவர்கள் வீடு வரைக்கும் போவதில்லை. அதனால் பல குழுக்கள் போட்டோ போட்ட விசிட்டிங் கார்டு அடிக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அச்சகத்துக்குப் போகும் முன் குழுக் கூட்டத்தில் பேச வேண்டியது ஒன்று உண்டு. கார்டில் யாருடைய நம்பர்?

பெரும்பாலும் வீட்டுக்காரர் நம்பர், இல்லாவிட்டால் மகன் நம்பர். ஊறுகாய்க்கு ஆர்டர் சொல்லக் கூப்பிடுகிறவருக்கு, "அவ வீட்ல இருக்காங்க, நான் வேலைல இருக்கேன்" என்று பதில் வரும். அவர் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார். செய்தது நீங்கள், ஆர்டர் போவது வேறு கைக்கு. பிரதிநிதியின் சொந்த நம்பரைப் போட்டாலும் பொறுப்பு மாறும்போது மீதிக் கார்டு வீண். குழுவுக்கென்று தனி நம்பர் வாங்குவதே சரி. சிம் ஒருவர் பெயரில்தான் இருக்கும், பொறுப்பு மாறினால் அதையும் முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். தீர்மானமாக எழுதி வையுங்கள்.

அடுத்தது போட்டோ. முகம்தான் போட வேண்டும் என்று இல்லை. கார்டு யார் கைக்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது. முகமும் சொந்த நம்பரும் சேர்ந்து இருந்தால் ராத்திரியில் தேவையில்லாத போன் வரலாம். மசாலாப் பொடி, முறுக்கு, கூடை என்றால் பொருளின் படமே போதும். தையல், மேக்கப் மாதிரி ஆளை நம்பி வரும் தொழிலுக்கு முகம் உதவும். அதுவும் அந்தப் பெண் மனசார ஒத்துக்கொண்டால்தான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

படம் எடுக்க ஸ்டுடியோ தேவையில்லை. காலை வெளிச்சத்தில், திண்ணை நிழலில், கோலமோ பூப்போட்ட துணியோ இல்லாத வெறும் பின்னணியில் வையுங்கள். போன் கேமரா கண்ணாடியை முந்தானையால் துடையுங்கள் (மாவுக்கை பட்டிருக்கும்!). ஜூம் பண்ணாமல் கிட்டே போய் எடுங்கள்.

சாதாரணமாக கார்டு மூன்றரை அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் இருக்கும். அச்சில் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். முழுக் கார்டுக்கும் 1050க்கு 600 புள்ளி. இன்றைய போன்கள் இதைவிட அதிகமாகவே எடுக்கின்றன. கெடுவது அனுப்பும்போதுதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாகுமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஸ்டேட்டஸில் போட்ட படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் கலங்கித்தான் வரும்.

போன் திரை ஒளியால் காட்டுகிறது, காகிதம் மையால் காட்டுகிறது. அதனால் அச்சில் நிறம் கொஞ்சம் மங்கும். இருட்டான படம் கொடுத்தால் மிளகாய்த் தூள் காப்பித் தூள் மாதிரி தெரியும்.

எத்தனை கார்டு? ஆஃப்செட் அச்சில் பிளேட் செலவு நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றே, அதனால் ஆயிரம் அடித்தால்தான் மலிவு. முதல் தடவை டிஜிட்டலில் நூறு போட்டுப் பாருங்கள். ஒரு கார்டின் விலை கூடும், ஆனால் தப்பு வந்தால் நஷ்டம் குறைவு. 300 ஜி.எஸ்.எம். தடிமன் இருந்தால் கார்டு துவளாது. எண்ணெய்ப் பலகாரம் விற்கிறவர்கள் முன்பக்கம் லேமினேஷன் கேளுங்கள். பின்பக்கத்தை அப்படியே விட்டால் விலை, டெலிவரி தேதி எழுத உதவும்.

கடைசியாக ப்ரூஃப். பல கடைக்காரர்கள் தாங்களே அடிப்பதில்லை, ஆர்டர் சேர்த்து சிவகாசி மாதிரி ஊருக்கு அனுப்புகிறார்கள். அனுப்பிய பிறகு திருத்த முடியாது. போனில் அடித்த தமிழ், கடைக் கம்ப்யூட்டரின் பழைய எழுத்துருவுக்கு மாறும்போது புள்ளியும் கொம்பும் இடம் மாறும். அதனால் ப்ரூஃபைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வேகமாகப் படிக்கிறவர்கள் தப்பைத் தாண்டிப் போய்விடுவார்கள். பிறகு தாளில் இருக்கும் நம்பரைப் பார்த்து டயல் செய்யுங்கள். உங்கள் குழு போன் அடித்தால் மட்டும் சரி என்று கையெழுத்துப் போடுங்கள்.