வானில் தற்சார்பு

நுழையும்முன்
போர் விமானத்தை விலைகொடுத்து வாங்கலாம். அதனை ஆக்கும் அறிவை வாங்குவது அரிது. ஒரு நாடு தன் விமானத்தைத் தானே உருவாக்குவதா, பிற நாடுகளோடு கூடி உருவாக்குவதா என்னும் வினாவில் பொருளாதாரமும் இறையாண்மையும் பிணைந்துள்ளன.

புலப்படாமையின் அறிவியல்
ரேடார் அனுப்பும் மின்காந்த அலை விமானத்தின்மீது பட்டுத் திரும்பும்போது அதன் இருப்பிடம் அறியப்படுகிறது. அலை வந்த திசையில் மீளாதவாறு உடற்பரப்பைச் சாய்வாக அமைத்தல், அலையை உறிஞ்சும் பூச்சுகளைப் பூசுதல், ஏவுகணைகளை விமானத்தின் உள்ளறையில் வைத்தல் ஆகியவற்றால் திரும்பும் அலை பெரிதும் குறைகிறது. ஐந்தாம் தலைமுறைப் போர் விமானங்களின் அடிப்படைத் திறன் இதுவே. இதற்குப் பெரும்பொருளும் பல்லாண்டு உழைப்பும் தேவைப்படுவதால் நாடுகள் கூட்டு முயற்சியை நாடுகின்றன.

கூட்டின் ஆக்கமும் இடரும்
அமெரிக்கா எஃப்-22 விமானத்தைத் தனித்து உருவாக்கி, அதன் ஏற்றுமதியையும் சட்டத்தால் தடுத்தது. எஃப்-35 திட்டத்திலோ எட்டு நாடுகளைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டது. செலவு பகிரப்பட்டது, ஆயினும் முடிவெடுக்கும் உரிமை சமமாகப் பகிரப்படவில்லை. உதிரிபாகங்களை உற்பத்தி செய்துவந்த துருக்கி, ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதால் 2019இல் அத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

விமானந்தாங்கிக் கப்பலிலிருந்தும் பறக்கவல்ல விமானத்தை விரும்பிய பிரான்சு, 1985இல் ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்திலிருந்து விலகி ரஃபேலை உருவாக்கியது. அடுத்த தலைமுறை விமானத்திற்காக அதே நாடு 2017இல் ஜெர்மனியோடு கைகோத்தது. பின்னர் ஸ்பெயினும் இணைந்தது. ஆனால் தலைமையும் பணிப்பங்கீடும் யாருக்கு எவ்வளவு என்பதில் டசால்ட், ஏர்பஸ் நிறுவனங்களிடையே பிணக்கு எழுந்தது.

இந்தியாவின் பட்டறிவு
இந்தியா ரஷ்யாவுடன் 2007இல் கூட்டு விமானத் திட்டத்தில் இறங்கியது. 2010இல் முன்வடிவமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செலவு, விமானத்தின் திறன், தொழில்நுட்பப் பகிர்வு ஆகியவற்றில் மனநிறைவு கொள்ளாத இந்தியா 2018இல் விலகியது. பெங்களூருவில் உள்ள வானூர்தி மேம்பாட்டு முகமையின் ‘ஆம்கா’ திட்டத்திற்கு 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

தனிவழியும் முழுத் தற்சார்பு ஆகிவிடாது. உள்நாட்டுக் காவேரி எஞ்சின் போதிய உந்துவிசையை அளிக்காமையால் தேஜஸ் விமானம் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறக்கிறது. 2021இல் ஒப்பந்தம் செய்யப்பட்ட 99 எஞ்சின்களுள் முதலாவது 2025 மார்ச்சில்தான் வழங்கப்பட்டது. எஞ்சினுக்காகக் காத்திருக்கும் நாடு, விமானத்திற்காகவும் காத்திருக்க நேர்கிறது.

ஆகவே, தனித்தா, கூடியா என்பதைவிட, கூட்டுக்கு ஒரு நாடு எதைக் கொண்டுசெல்கிறது என்பதே முதன்மையானது. விமானத்தை முழுமையாக ஆக்கக் கற்றிருந்த பிரான்சு, கூட்டிலிருந்து விலகவும் மீண்டும் சேரவும் வல்லதாயிற்று. ஆய்வுக்கூடங்களில் பொறுமையாகத் திரட்டப்படும் அறிவே அவ்வுரிமையை ஒரு நாட்டிற்கு அளிக்கிறது.

கற்பவை கற்றபின்
‘பாதுகாப்புத் துறையில் தற்சார்பு என்பது பிறரை விலக்குவதன்று’ – வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.