நடுத்தர டூரிங் பைக் வாங்கப் போறீங்களா? முதலில் உங்க முதுகைக் கேளுங்க!

தேவதானப்பட்டியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டு வாசலிலிருந்து கிளம்பினால் ஒரு பக்கம் திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலை நேராக நீண்டு கிடக்கும். இன்னொரு பக்கம் காட்ரோடு பிரிவில் திரும்பினால் டம்டம் பாறை, எலிவால் அருவி என்று கொடைக்கானல் மலை ஏறலாம். பெரியகுளம், தேனி தாண்டினால் போடிமெட்டு. சின்னமனூரில் திரும்பினால் மேகமலை. இத்தனை பாதை கண் முன்னால் இருக்கும்போது, "பழைய நூறு சிசி வண்டியைக் கொடுத்துட்டு நல்லதா ஒரு டூரிங் பைக் வாங்கிடலாமே" என்று ஆசை வருவது இயற்கைதான்.

ஆசை தப்பில்லை. ஆனால் இரண்டரை, மூன்று லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய வண்டி, ஆறே மாதத்தில் போர்வை போர்த்திக்கொண்டு போர்டிகோவில் நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். காரணம் கேட்டால், "ஏங்க, அதுல உட்கார்ந்து ஒரு தடவை கொடைக்கானல் போயிட்டு வந்தேன், மூணு நாள் இடுப்பு எந்திரிக்கல" என்று வீட்டம்மா சொல்வார். வண்டி மேல் குற்றமில்லை. எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு மைலேஜ் என்று கேட்டோமே தவிர, நம் உடம்புக்கு இது பொருந்துமா என்று கேட்கவில்லை. சட்டை வாங்கினால்கூடப் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

முதல் அளவு: உங்கள் கால்

ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு அளவு எடுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே வரை தூக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் உள்கால் உயரம். ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவருக்கு இது ஏறக்குறைய 75 செ.மீ. இருக்கும்.

இப்போது வண்டியின் சீட் உயரத்தோடு ஒப்பிடுங்கள். நம்ம ஊர்க் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். 1955-ல் மதராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாதான் இன்றைய ராயல் என்ஃபீல்டு. 2020 நவம்பரில் அவர்கள் கொண்டுவந்த மீட்டியார் 350-ன் சீட் உயரம் 765 மி.மீ. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-க்கு 825 மி.மீ.; சீட்டை ஏற்றினால் 845. இரண்டுமே டூரிங் வண்டிகள்தான். ஆனால் ஐந்தடி நான்கு அங்குலக்காரர் முதலாவதில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதியும். இரண்டாவதில் விரல் நுனிதான் தொடும்.

அப்படியென்றால் உயரமான வண்டி கூடவே கூடாதா? அப்படி இல்லை. நாம் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும். ஷூ போட்டால் இரண்டு செ.மீ. கிடைக்கும். சீட் முன்பக்கம் ஒடுங்கலாக இருந்தால் கால் இன்னும் நன்றாக எட்டும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், பயணத்துக்குப் போடும் அதே ஷூவோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு கால் முழுப் பாதமும், மறு கால் முன்பாதமும் பதிந்தால் போதும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பஸ் சட்டென நின்றால், சரிவில் கால் ஊன்ற வேண்டியது நீங்கள்தான். அங்கே ஒரு அங்குலம் பெரிய விஷயம்.

எடையை உருட்டிப் பாருங்கள்

மேலே சொன்ன இரண்டு வண்டிகளும் பெட்ரோலோடு 190 கிலோவுக்கு மேல். ஓடும்போது இந்த எடை தெரியாது. உருட்டும்போதுதான் தெரியும். ஷோரூமில் என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியில் உட்காராமல் பக்கத்தில் நின்று, பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். மறுபடி சாய்த்து வையுங்கள். இதற்கே மூச்சு வாங்கி, கீழ் முதுகில் 'சுருக்'கென்றால் யோசிக்க வேண்டும். வீட்டு வாசல் சாய்தளத்தில் தினமும் செய்யப்போகும் வேலை இதுதான்.

மூன்று புள்ளிகள்

கை பிடிக்கும் இடம், உட்காரும் இடம், கால் வைக்கும் இடம் — இந்த மூன்றும்தான் உங்கள் முதுகின் தலையெழுத்தை எழுதுகின்றன.

ஹேண்டில்பார் தாழ்வாகவும் தூரமாகவும் இருந்தால், உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டிவரும். கால் வைக்கும் இடம் மிகவும் முன்னால் இருந்தால், குண்டும் குழியும் தரும் அடி நேராக வால் எலும்பில் விழும்; கால் ஊன்றி எழும்ப முடியாது. ரொம்பப் பின்னால் இருந்தால் முழங்கால் மடங்கி வலிக்கும்.

நல்ல உட்காரல் எது? முதுகு நிமிர்ந்தோ லேசாக முன் சாய்ந்தோ இருக்கணும். முழங்கை சற்று மடங்கியிருக்கணும். தோள் தளர்ந்திருக்கணும். கையை ஹேண்டிலிலிருந்து எடுத்தாலும் உடம்பு முன்னால் சரியாமல் அப்படியே நிற்கணும். நிற்கும் வண்டியிலேயே இதைச் சோதிக்கலாம். கண்ணாடி முன் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடமாவது உட்காருங்கள். விற்பனைக்காரர் அவசரப்படுத்தினால், "இருங்க தம்பி, பணம் கொடுக்கப்போறது நாங்கதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

பின்சீட்டுக்காரர் சம்மதம் தேவை

பாதி வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான். வண்டி பார்க்கக் கணவர் மட்டும் நண்பரோடு போகிறார். பின்னால் உட்காரப்போகும் மனைவி டெலிவரி அன்றுதான் வண்டியையே பார்க்கிறார். தயவுசெய்து இருவரும் சேர்ந்து போங்கள்.

பின்சீட் அகலமா, சறுக்குகிறதா? பிடிக்கக் கம்பி இருக்கிறதா? கால் வைக்கும் இடம் முழங்காலைக் காதுவரை தூக்குகிறதா? ஏறி இறங்கச் சிரமமா? இதையெல்லாம் அவர்தான் சொல்லணும்.

பின்னால் கைப்பிடி, கால்மிதி, பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு — இந்த மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளே கேட்பவை. அழகு கெடுகிறது என்று ஸாரி கார்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் நொடிக்குள் விபத்து. டூரிங் வண்டியின் உயரமான பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து மலை ஏறுவதும் வேண்டாம். வளைவில் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். சுடிதாரோ பேன்ட்டோ அணிந்து இரு பக்கமும் கால் போட்டு உட்காருவதே பத்திரம்.

குழந்தை? சட்டப்படி ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். டேங்க் மேல் உட்கார வைத்துப் போவதை இன்றோடு விட்டுவிடுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு இணைக்கும் பெல்ட்டும் கட்டாயம். வேகமும் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது.

ஏறுவதற்கு இழுவை, இறங்குவதற்கு பிரேக்

"நூத்தி நாப்பது போகுமா?" என்பது இளைஞர்களின் கேள்வி. கொடைக்கானல் பாதையில் அந்த வேகத்துக்கு என்ன வேலை? அங்கே தேவை, குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை. மீட்டியார் 350 தன் உச்ச இழுவையான 27 நியூட்டன் மீட்டரை 4,000 சுற்றிலேயே தருகிறது. ஹிமாலயன் 450 தருவது 40. ஆனால் அது 5,500 சுற்றில். முதலாவது நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது கொஞ்சம் முறுக்கச் சொல்லும். முறுக்கினால் பாய்ந்து ஏறும். எது உங்கள் சுபாவம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள வண்டி காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டி இருமும். இரண்டு பேரும் மூட்டையும் ஏறும் வண்டிக்கு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

இறங்கும்போதுதான் உயிர் பிரச்னை. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கணும். டெஸ்ட் ரைடில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பாருங்கள். வண்டி தானே அடங்குகிறதா? 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணையணும். பழைய வண்டி வாங்கினால் இதை அவசியம் கவனியுங்கள். விளக்கு எரியவே இல்லை என்றால் ஏதோ கோளாறை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அதிர்வு, சூடு, காற்று

கையில் அதிர்வு தொடர்ந்து ஏறினால், மணிக்கட்டில் ஓடும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இறங்கிய பிறகும் விரல் 'ஜிவ்'வென்று இருந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி நடுங்கித் தெரிகிறதா என்பதும் நல்ல சோதனை.

சித்திரை வெயிலில் தேனி டிராஃபிக்கில் நின்றால் என்ஜின் சூடு தொடையைச் சுடும். அதனால் டெஸ்ட் ரைடை மத்தியானத்தில் கேளுங்கள். குளிர்ந்த காலை நேரத்தில் எல்லா வண்டியும் சுகமாகத்தான் இருக்கும்.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்பது நம் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை. ஆண்டிபட்டி வட்டாரத்துக் காற்றாலைகளே சாட்சி. உயரமான கண்ணாடியும் இரண்டு பக்கப் பெட்டியும் மாட்டிய வண்டியைப் பக்கக் காற்று தள்ளும். பெட்டிகளை முதல் நாளே மாட்டாமல், ஒரு பருவக் காற்றைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பாரக் கணக்கு, பணக் கணக்கு

கணவர் 75, மனைவி 65, பெட்டி 20, ஹெல்மெட் மழைக்கோட்டு 5. மொத்தம் 165 கிலோ. வண்டியின் கையேட்டில் அதிகபட்சப் பாரம் போட்டிருப்பார்கள். உங்கள் கணக்கு அதற்குள் வரணும். பின்னால் ஆள் ஏறினால் ஷாக் அப்சார்பரை இறுக்கிக்கொள்ளும் வசதி உண்டா என்றும் கேளுங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 22-வது வாரத் தயாரிப்பு. கம்பிச் சக்கரமா, அலாய் சக்கரமா, டியூப் உண்டா என்பதும் முக்கியம். டியூப் இல்லாத டயர் பஞ்சரானால், அங்கேயே ஒட்டுத் திரி சொருகிக்கொண்டு இறங்கிவிடலாம். டியூப் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றணும். மலை நடுவே இருட்டில் அது லேசான வேலையில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. ஆகவே ஷோரூம் விலையை விட்டுவிட்டு, சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்ரோடு விலையைக் கேளுங்கள். அதோடு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு, கையுறை, ஜாக்கெட் செலவையும் சேருங்கள். இவற்றுக்குப் பணம் மிஞ்சாவிட்டால், ஒரு படி குறைந்த வண்டியை வாங்குங்கள். வண்டியில் குறைக்கலாம், தலையில் குறைக்கக் கூடாது.

டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டியவர்கள்

• வட்டு விலகல், காலுக்கு இறங்கும் முதுகுவலி உள்ளவர்கள்.
• சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள். பிரேக் மிதியின் அழுத்தம் இவர்களுக்குத் தெரியாது. மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளை தவறிச் சாப்பிட்டால் தாழ் சர்க்கரை மயக்கமும் வரலாம்.
• வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்கள்.
• கர்ப்பிணிகள். நீண்ட பைக் பயணமே வேண்டாம்.
• சளி, அலர்ஜிக்குத் தூக்கம் வரும் மாத்திரை சாப்பிடுபவர்கள். அன்று சாவியைத் தொடாதீர்கள்.

யாராக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, தண்ணீர் குடித்து, இடுப்பை நிமிர்த்தி நாலு எட்டு நடக்கணும்.

கடைசியாக ஒரு யோசனை. ஷோரூமில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி முடிவெடுக்காதீர்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு டம்டம் பாறை வரை போய் வாருங்கள். போகும்போது நீங்கள் ஓட்டுங்கள். வரும்போது பின்சீட்டில் உட்காருங்கள். மறுநாள் காலை எழுந்ததும் முதுகும் மணிக்கட்டும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். பிறகு முன்பணம் கட்டுங்கள்.