சரக்கைக் கடனாகக் கொடுப்பதும் கடன்தான்!

தொழில் பாடம்: புது ஆர்டருக்குச் 'சரி' சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை



நம் கூட்டமைப்பில் மசாலாப் பொடி தயாரிக்கும் தொழில் குழுவைச் சேர்ந்த 12 பேரும் சேர்ந்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

முதலில் ஒரு கேள்வி. நம் குழுவில் ஒரு உறுப்பினர் 10,000 ரூபாய் கடன் கேட்டால் என்ன செய்வோம்? பழைய கடன் முடிந்ததா, தவணை ஒழுங்காகக் கட்டினாரா, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது, எதற்காகக் கேட்கிறார், எத்தனை மாதத்தில் கட்டுவார் என்று எல்லாம் கேட்போம். தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கை மாறும். கூடப் பிறந்த அக்காவாக இருந்தாலும் இதுதான் முறை.

அதே நாம், டவுனில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன் பண்ணி, "18,000 ரூபாய்க்குச் சரக்கு ஏத்தி விடும்மா, பணத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னால் என்ன செய்கிறோம்? ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "ஆர்டர் வந்திருச்சு!" என்று சந்தோஷப்பட்டு, அன்று இரவே மிளகாய் வறுக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

யோசித்துப் பாருங்கள். 18,000 ரூபாய் சரக்கைப் பணம் வாங்காமல் அனுப்பினால், அந்தக் கடைக்கு நாம் 18,000 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்? அதுவும் வட்டியில்லாக் கடன், ஜாமீன் இல்லாத கடன், தீர்மானம் போடாத கடன்!

எங்களுக்கு நடந்தது

ஒரு தீபாவளிக்கு முன்னால், இரண்டு வருடமாகச் சரக்கு வாங்கும் மொத்தக் கடை ஒன்றில் இருந்து 18,000 ரூபாய்க்கு ஆர்டர் வந்தது. அதுவரை எங்களுக்கு வந்த ஆர்டர்களிலேயே பெரியது அதுதான். கையில் பணம் இல்லாததால் கூட்டமைப்பில் கடன் வாங்கி மிளகாயும் மல்லியும் வாங்கினோம். ராத்திரி பகலாக வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு அனுப்பினோம்.

பொங்கல் கழிந்து பணம் கேட்கப் போனபோது, "வியாபாரமே இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் ஆயிற்று. 9,500 ரூபாய் மட்டும் வந்தது. அதன் பிறகு ஒரு நாள் போனால் கடை பூட்டிக் கிடந்தது.

அன்று உட்கார்ந்து கணக்கைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு வர வேண்டியது 45,000 ரூபாய் என்று தெரிந்தது. இரண்டு மாதம் யாருக்கும் கூலி கொடுக்க முடியவில்லை. கூட்டமைப்புத் தவணையும் நின்றது. "நாங்க கண்ணெரிய அரைச்ச மிளகாய்க்கு எங்களுக்கே கூலி இல்லையா?" என்று ஒரு அக்கா கேட்டார். பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

எங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது. டேலி கணக்கு மென்பொருளும் இருந்தது. பில் எல்லாம் அதில்தான் போடுகிறோம். அப்படி இருந்தும் ஏன் தெரியவில்லை?

கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை?

ஆர்டர் வந்த அன்று அந்தக் கடையின் உண்மையான நிலைமை இதுதான்:

பில் போட்ட பழைய பாக்கி – ரூ. 26,000
சரக்கு அனுப்பி, இன்னும் பில் போடாதது – ரூ. 4,500
முன்பே ஒப்புக்கொண்டு, இன்னும் அனுப்பாத ஆர்டர் – ரூ. 6,000
புதிதாகக் கேட்ட ஆர்டர் – ரூ. 18,000
மொத்தம் – ரூ. 54,500

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது முதல் வரி மட்டும்தான். டெலிவரி சீட்டு போட்டால் இருப்புச் சரக்கு குறையும். ஆனால் பில் போடும் வரை அந்தத் தொகை கடைக்காரர் கணக்கில் ஏறாது. வெறும் ஆர்டரும் அப்படித்தான், பாக்கியில் சேராது. ஆகவே பாக்கியை மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொன்னால் ஏமாந்து போவோம்.

முதல் வரியைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. கடையின் பெயரில் ஒரு கணக்கும், முதலாளியின் பெயரில் இன்னொரு கணக்கும் திறந்து வைத்திருந்தோம். ஒன்றில் 16,000, இன்னொன்றில் 10,000. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சின்னத் தொகையாகத் தெரிந்தது.

இன்னொரு தவறும் செய்திருந்தோம். ஒரு கடைக்காரருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்று எழுதி வைக்க மென்பொருளில் தனி இடம் இருக்கிறது. அதற்குக் கடன் வரம்பு, அதாவது கிரெடிட் லிமிட் என்று பெயர். அந்த இடத்தை நாங்கள் காலியாக விட்டிருந்தோம். நாம் வரம்பைச் சொல்லாமல், தாண்டும்போது அது எப்படிச் சொல்லும்?

'சரி' சொல்வதற்கு முன் ஐந்து கேள்விகள்

இப்போது எந்த ஆர்டர் வந்தாலும், போனை வைத்துவிட்டு இந்த ஐந்தையும் பார்க்கிறோம். பத்து நிமிடம்கூட ஆகாது.

1. மொத்தம் எவ்வளவு நிற்கும்? பழைய பாக்கி, பில் போடாத சரக்கு, அனுப்ப வேண்டிய ஆர்டர், புது ஆர்டர் – நான்கையும் கூட்ட வேண்டும்.

2. வரம்புக்குள் இருக்கிறதா? அந்தக் கடைக்கு நாம் வைத்த வரம்போடு மொத்தத்தை ஒப்பிட வேண்டும்.

3. பாக்கி எத்தனை நாள் பழசு? 26,000 ரூபாய் பாக்கி என்பது ஒரு விஷயம். அதில் 11,000 ரூபாய் 60 நாளைத் தாண்டியது என்பது வேறு விஷயம். ஒவ்வொரு பில்லும் எத்தனை நாளாக நிற்கிறது என்று மென்பொருளில் 'அவுட்ஸ்டாண்டிங்' அறிக்கை காட்டும். வரம்புக்குள் இருந்தாலும், தவணை நாள் தாண்டிய பில் நின்றால் புது ஆர்டரை நிறுத்தி வைத்துப் பேச வேண்டும்.

4. செக் பணமாகிவிட்டதா? செக் வாங்கிய அன்றே வரவு வைத்துவிட்டால் பாக்கி குறைந்தது போலத் தெரியும். பேங்கில் பணம் ஏறிய பிறகுதான் கழிக்க வேண்டும்.

5. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு இருக்கிறதா? போன் நம்பர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் வைத்துப் பார்த்து, ஒரே கணக்காக மாற்ற வேண்டும்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கடையின் கணக்கிலும் இரண்டு விவரம் ஏற்ற வேண்டும். ஒன்று, கடன் வரம்பு எத்தனை ரூபாய். இரண்டு, எத்தனை நாளில் பணம் தர வேண்டும். அதோடு, வரவை மொத்தமாகப் பதியாமல், எந்தப் பில்லுக்கு வந்த பணம் என்று பில் வாரியாகப் பதிய வேண்டும். அப்படிச் செய்தால்தான் எந்தப் பில் எத்தனை நாள் பழசு என்று சரியாகக் காட்டும்.

வரம்பைத் தாண்டும்போது சில மென்பொருள் எச்சரிக்கை மட்டும் காட்டும். சில, பில்லையே பதிய விடாது. உங்களுடையது எந்த வகை என்று ஒரு சின்னப் பில் போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதை ரத்து செய்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பில் போடும்போது கம்ப்யூட்டர் தடுத்தால், அதற்குள் மிளகாய் வாங்கி அரைத்து முடித்திருப்போம். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லாத குழுக்கள் கவலைப்பட வேண்டாம். கடைக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, மேலே வரம்பையும் நாளையும் சிவப்பு மையில் எழுதி வைத்தால் போதும். கூட்டல் கணக்கு ஒன்றுதான்.

வரம்பை எப்படி வைப்பது?

புதுக் கடையா? முதல் இரண்டு, மூன்று ஆர்டருக்கு ரொக்கம்தான். பிறகு சின்ன வரம்பில் தொடங்கி, ஒழுங்காகப் பணம் வந்தால் கூட்டலாம். குழுக் கடனும் நாம் அப்படித்தானே சிறுகச் சிறுக உயர்த்துகிறோம்?

பழைய கடைக்கு, சராசரியாக ஒரு மாதத்தில் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்த்து வைக்கலாம். கடைசியாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இந்தப் பணம் வராமலே போனாலும் அடுத்த மாதம் கூலி கொடுக்க முடியுமா?" முடியாது என்றால் வரம்பு அதிகம்.

இந்தக் கணக்கையும் மனதில் வையுங்கள். 100 ரூபாய்க்கு விற்றால் 10 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். வராமல் போன 45,000 ரூபாயை லாபத்தில் ஈடுகட்ட 4,50,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும்!

யார் முடிவு செய்வது?

ஆர்டர் எடுப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர். எங்கள் குழுவில் இதுதான் இப்போது சட்டம். வரம்பைத் தாண்டிக் கொடுக்க வேண்டும் என்றால் தனி ஒருவர் முடிவு செய்ய முடியாது. குழுவில் பேசி, காரணம் எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. முகம் பார்த்து மறுக்கக் கூச்சமாக இருக்கிறதா? "குழுவுல கேட்டுச் சொல்றோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மறுப்பதும் ஒரேயடியாக 'முடியாது' என்று இருக்க வேண்டியதில்லை. "அண்ணாச்சி, பழைய பில்லு 11,000 நிக்குது. அதைக் குடுத்துட்டீங்கன்னா மீதியைப் பேசிக்கலாம்" என்று சொல்லலாம். பாதி ரொக்கம் கேட்கலாம். ஆர்டரை இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்குப் பணம் வந்ததும் அடுத்த பாதியை அனுப்பலாம். நல்ல வியாபாரி இதைத் தப்பாக நினைக்க மாட்டார். அவரும் தன் கடையில் கடன் நோட்டு வைத்திருப்பவர்தானே!

சட்டம் என்ன சொல்கிறது?

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு கிடைக்க, சரக்குக் கொடுப்பதற்கு முன்பே தொழிலைப் பதிவு செய்திருக்க வேண்டும். 2020 ஜூலை 1 முதல் 'உத்யம்' என்ற பெயரில் இந்தப் பதிவு நடக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான் காலக்கெடு. அந்தக் கெடு முடிவதற்குள், "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். எதுவானாலும், சரக்கு இறக்கும்போது டெலிவரி சீட்டில் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்காமல் திரும்ப வேண்டாம். எங்களிடம் பாதிச் சீட்டுகளில் கையெழுத்து இல்லை.

குழுக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள்

ஒரு கடைக்கு வரம்பு 20,000 ரூபாய். தவணை 30 நாள். பழைய பாக்கி 9,000. அதில் 2,000 ரூபாய் பில் 40 நாள் ஆகிவிட்டது. பில் போடாத சரக்கு 3,000. அனுப்ப வேண்டிய ஆர்டர் 2,500. புது ஆர்டர் 7,000. ஆர்டருக்குச் சரி சொல்லலாமா?

விடை: மொத்தம் 21,500. வரம்பை 1,500 ரூபாய் தாண்டுகிறது. நாள் தாண்டிய பில்லும் இருக்கிறது. உடனே சரி சொல்லக் கூடாது. 40 நாள் ஆன 2,000 ரூபாயை முதலில் கேட்க வேண்டும். அது வந்துவிட்டால் மொத்தம் 19,500 ஆகிவிடும். பழைய பில்லும் தீர்ந்துவிடும். அப்போது தாராளமாகச் சரக்கு ஏற்றலாம்.

எங்கள் 45,000 ரூபாய் இன்னும் வரவில்லை. கூட்டமைப்புக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்துவிட்டோம். இப்போது சரக்கு போகும் கடைகள் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் மாதம் பிறந்தால் 12 பேருக்கும் கூலி நிற்காமல் போகிறது.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் உங்கள் தொழிலின் கடன் நோட்டை எடுத்து நடுவில் வையுங்கள். எந்தக் கடையில் எவ்வளவு நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்று எல்லோரும் சேர்ந்து கூட்டிப் பாருங்கள். அதன் பிறகு அடுத்த ஆர்டரை எடுங்கள்.