பாராளுமன்றக் கேள்வியும் பருவம் தவறும் மழையும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோரின் அனுபவ மொழி. பட்டத்தில் மழை பெய்யும் என்ற நம்பிக்கையே அம்மொழிக்கு ஆதாரம். அந்த ஆதாரம் இன்று ஆட்டம் கண்டுள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் கரியமில வாயு வளிமண்டலத்தில் மிகுந்து, பூமியின் வெப்பம் ஏறி வருகிறது. மழையோ சில நாட்களில் கொட்டித் தீர்த்துப் பல நாட்கள் பொய்த்துவிடுகிறது. இதனைத் தனியொரு கிராமம் எதிர்த்து நிற்க இயலாது. ஆகவேதான் தட்பவெப்ப நிலை மாறுதல் குறித்துப் பாராளுமன்றத்தில் அங்கத்தினர்கள் வினா எழுப்புகின்றனர். அவ்வினாவினால் கிராமத்துக்கு விளையும் பயனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் கிராம ஊழியர்களும் அறிந்திருத்தல் நலம்.

கேள்வியின் முறை

லோக் சபையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரமாகும். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடையளிப்பார். அதையொட்டித் துணைக் கேள்விகள் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்து மூலமான விடையே கிடைக்கும். ஒரு நாளில் முதல் வகையில் 20 வினாக்களும் இரண்டாம் வகையில் 230 வினாக்களும் இடம்பெறலாம். எவருடைய வினா முந்துவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். வினா சாதாரணமாக 150 சொற்களுக்கு மேற்படலாகாது. அதில் வாதத்துக்கும் ஏளனத்துக்கும் இடமில்லை.

நல்ல கேள்வி எது?

"தட்பவெப்ப மாறுதலுக்குச் சர்க்கார் என்ன செய்கிறது?" என்று பொதுப்படக் கேட்டால், 2008-இல் வெளியான தேசியச் செயல் திட்டமும் அதன் எட்டு இயக்கங்களும் விடையாக வந்து நின்றுவிடலாம். எந்த மாவட்டம், எந்தப் பயிர், எவ்வளவு இழப்பு என்று குறிப்பாகக் கேட்டபோது பயனுள்ள விவரங்கள் வெளிவந்தன. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழு ஆராய்ந்த 651 மாவட்டங்களில் 310 மாவட்டங்கள் எளிதில் பாதிக்கப்படக் கூடியவை என்றும், அவற்றில் 109 மிக அதிக ஆபத்துக்கு உட்பட்டவை என்றும் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தகுந்த மாற்று முறைகளைக் கைக்கொள்ளாவிடில் மானாவாரி நெல் விளைச்சல் 2050-இல் 20 சதவீதமும், 2080-இல் 47 சதவீதமும் குறையலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. பாசன நெல்லுக்கு இக்குறைவு முறையே 3.5 சதவீதமும் 5 சதவீதமுமே ஆகும். இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டால், பெருஞ்சுமை எவர் தலையில் விழும் என்பது விளங்கும். கிணறும் கால்வாயும் இல்லாது வானம் பார்த்து விதைக்கும் ஏழைக் குடியானவனே அதைச் சுமக்க வேண்டியவன்.

விடைக்குப் பின்

"இது பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் கூறினால் விஷயம் முடிந்ததென எண்ணற்க. சபை முறைப்படி அது ஓர் உறுதிமொழியாகக் கொள்ளத்தக்கது. இத்தகைய உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே 1953 முதல் லோக் சபையில் ஒரு குழு இயங்கி வருகிறது. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றுதல் வேண்டும் என்பது விதி. ஆதலால் வினா எழுப்பிய அங்கத்தினரும் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களும் விடையை மறவாதிருத்தல் அவசியம்.

நம் கடமை

அங்கத்தினர் எழுப்பும் வினாவுக்கு உயிரூட்டுவது கிராமத்தின் கணக்கேயாகும். பெய்த மழையின் அளவு, விதைத்த தேதி, கருகிய பயிரின் பரப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் ஏட்டில் பதிந்து வைப்போமாக. இழப்பு நேர்ந்த பின் நினைவிலிருந்து கூறுவதைவிட, பதிந்த ஏடு பன்மடங்கு வலிமையுடையது. ஏரி, வாய்க்கால், விவசாயம் ஆகியவை பெரும்பாலும் ராஜ்யப் பொறுப்பில் அடங்குவன. அவற்றைப் பற்றிச் சட்டசபை அங்கத்தினரிடம் முறையிடுதல் தகும். மாவட்டந்தோறும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ற மாற்றுப் பயிர்த் திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. 2011-இல் தொடங்கிய வேளாண் திட்டமொன்றின் கீழ் 151 மாவட்டங்களில் 448 கிராமங்களில் இம்முறைகள் செய்து காட்டப்பட்டன. நம் மாவட்டத்துக்கான திட்டம் யாது என வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறிதல் நம் உரிமை.

டில்லியில் ஒலிக்கும் வினாவுக்கு விடை அச்சேறுவதோடு அதன் பயன் முற்றுப்பெறாது. அவ்விடை நம் வயலின் வரப்பு வரை வந்து சேர்ந்ததா என்று கேட்கும் பொறுப்பு நம்முடையதே.